அரக்குத் தட்டும் ஐரோப்பியக் கிதாரும்

இசை கேள்விச் செல்வம். ஆசானின் எதிரே அமர்ந்து, அவர் வாய் பார்த்து, செவி கொடுத்துப் பெறுவதே இசைக்கல்வி என்பது நம் மரபு. ஆதலின், "தட்டைக் கேட்டுப் பாடுவதெல்லாம் பாட்டாகுமா?" என்று சங்க அரங்கின் முதல் வரிசையில் அமரும் பெரியவர்கள் வினவுவதில் வியப்பில்லை. தலைநகரில் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகளுக்குப் பாட்டு ஆசிரியர் வாரம் ஒருமுறை வாய்ப்பதே அரிது. எஞ்சிய ஆறு நாளும் கைப்பேசியே ஆசான். அப்பிள்ளை நவராத்திரிக் கொலுவின் முன் பாடும்போது, "இஃது இன்னாருடைய பதிவு அன்றோ!" என்று கண்டுபிடித்து நகைப்பாரும் உளர். இவ்வழக்கை நம் இசையை வைத்தே வாதிடப் புகுந்தால் சினம் மிகுமே ஒழியத் தெளிவு பிறவாது. ஆகவே, உறவும் பகையும் நமக்கு இல்லாத ஓர் இசையை எடுத்துக்கொள்வோம். 1930களில் பாரிஸ் நகரில் எழுந்த ஜாஸ் கிதார் இசை, பெரும்பாலும் தட்டைக் கேட்டே பிறந்த இசை.

ஜாஸ் அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஈன்ற கலை. ஒரு மெட்டையும் அதன் அடியில் ஓடும் சுர அடுக்குகளின் வரிசையையும் வைத்துக்கொண்டு, சுற்றுதோறும் புதிய வரிகளை அவ்விடத்திலேயே புனைந்து செல்வது அதன் உயிர்நிலை. நிரவலும் கற்பனைச் சுரமும் கேட்டுப் பழகிய செவிக்கு இம்முறை அயலன்று. ஊதுகருவிகள் முழங்கும் அவ்விசையில் கிதாருக்குத் தொடக்கத்தில் சிறப்பிடம் இல்லை. காரணம் எளிது: அதன் குரல் மெலிது. கூம்புக் குழலின் முன் நின்று இசைத்துப் பதிவு செய்த காலத்தில் கிதாரின் ஒலி மெழுகில் சரிவரப் பதியவில்லை. தோல் போர்த்த பாஞ்சோவே தாளம் காத்து வந்தது. 1925இல் ஒலிவாங்கி கொண்டு மின்முறையில் பதியும் வழக்கம் வந்த பின்னரே கிதார் வாய் திறந்தது. இத்தாலியிலிருந்து குடியேறியவர்களின் மகனாகப் பிலடெல்பியாவில் பிறந்த எடி லாங், வயலின் கலைஞர் ஜோ வெனுட்டியுடன் 1926 முதல் வெளியிட்ட தட்டுகள் கிதாரைத் தனிக்குரலாக நிறுத்தின. லாங் 1933இல் முப்பது வயதிலேயே மறைந்தார். அதற்குள் அவருடைய தட்டுகள் அட்லாண்டிக் கடலைத் தாண்டிவிட்டன.

கடலுக்கு அப்பால் அவற்றைக் கேட்டவர்களுள் ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். பெல்ஜியத்தின் லிபெர்ஷி என்னும் சிற்றூரில் 1910 ஜனவரி 23ஆம் நாள், வண்டியையே வீடாகக் கொண்டு ஊர் ஊராய்ச் செல்லும் ரோமா குடும்பமொன்றில் பிறந்தவர். ரோமா மக்களுள் அவருடைய பிரிவுக்கு மனூஷ் என்று பெயர். மனூஷ் என்றால் மனிதன். நாம் பேச்சில் "மனுஷன்" என்று வழங்கும் சொல்லுக்கும் அதற்கும் வேர் ஒன்றே. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் இம்மக்கள் என்பதை மொழியறிஞர்கள் அவர்தம் மொழியைக் கொண்டே நிறுவியுள்ளனர். தில்லிக் காய்கறிக் கடையில் ஐந்து ரூபாய்க்கு நாம் கேட்கும் பஞ்சாபிச் சொல்லுக்கு மிக அணுக்கமான சொல்லையே அவர்களும் ஐந்துக்கு வழங்குகின்றனர். இதனை அறிந்த நண்பர் சிலர், ஜாங்கோவின் கிதாரில் நம் இராகங்கள் ஒளிந்திருப்பதாக மகிழ்ந்து கூறுவர். அது வீண் முயற்சி. எண்ணுப்பெயர் வந்த வழியே பண்ணும் வந்தது என்பதற்குத் தட்டுகளில் சான்று இல்லை. இளமையில் அவர் செவியில் விழுந்தவை பாரிஸ் நகர நடனக் கூடங்களின் அக்கார்டியனும், மூன்று எண்ணிக்கையில் சுழலும் வால்ட்ஸ் மெட்டுகளுமே.

1928இல் ஓர் அக்கார்டியன் கலைஞருக்குப் பின்னணியாகப் பாஞ்சோ வாசித்து அவர் முதன்முதலாகத் தட்டில் இடம் பெற்றார். அத்தட்டில் அவர் பெயர் "ஜியாங்கோ ரெனார்" என்று பிழையாக அச்சாகியது. ஊதியப் பட்டியலில் ஓரெழுத்துப் பிழைத்தால் எத்தனை விண்ணப்பம் எழுத வேண்டும் என்பதை நாம் அறிவோம். அவருக்கோ அப்பிழையைப் படிக்கவும் தெரியாது. எழுத்தறியாதவர் அவர்.

அவ்வாண்டின் இறுதியில் அவர் வாழ்ந்த வண்டி தீப்பற்றியது. விற்பனைக்காக மனைவி செய்து குவித்திருந்த செயற்கைப் பூக்களில் தீ பற்றிப் படர்ந்தது என்பர். இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் வெந்து சுருங்கின. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு படுக்கையில் கிடந்தவர், தம்பி ஜோசப் கொணர்ந்த கிதாரில் இரு விரல் கொண்டே மீண்டும் வாசிக்கப் பழகினார். ஜாங்கோவைப் பற்றி எவர் எழுதினும் இவ்விடத்தில் தொடங்கி இவ்விடத்திலேயே முடித்துவிடுகின்றனர். "இரண்டே விரலில் இத்தனை வேகமா!" என்ற வியப்பு, சர்க்கஸ் கூடாரத்தில் கைதட்டுவோனின் வியப்பு. தட்டு சுழலும்போது விரல்கள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒலி மட்டுமே உண்டு. பழந்தட்டின் பெருநன்மை இதுதான் என்று நாம் கருதுகிறோம். இரக்கத்தை அது வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது.

அவ்வொலியில் விரல்களின் குறை எங்கே தெரிகிறது? குறையாக எங்கும் தெரிவதில்லை. ஒரு நடையாகத் தெரிகிறது. நான்கு விரலுடையவர் தந்திகளுக்குக் குறுக்கே, ஓரிடத்தில் கை நிறுத்தி வாசிப்பார். இரு விரலுடையவர் தந்தியின் நீளவாட்டத்தில் ஏறி இறங்கியாக வேண்டும். அதனால் அவருடைய சொற்கட்டு அகலத்தில் விரியாமல் உயரத்தில் ஏறுகிறது. ஒரே விரல் அரைச் சுரம் அரைச் சுரமாக வழுக்கிக்கொண்டு மேலேறும் இடம் பல தட்டுகளில் வருகிறது. நம் ஜாருவை ஒத்தது போல் தோன்றினும், ஒவ்வொரு படியும் தனித்தனியே தெறித்து நிற்பதால் அது வேறு. சுர அடுக்குகளையும் கைக்கு எட்டிய அளவில் அவர் குறைத்துப் பிடித்தார். குறைத்ததனால் அவை தெளிந்தன.

இனி வழக்கின் மையத்திற்கு வருவோம். 1931ஐ ஒட்டி, தென்பிரான்சின் தூலோன் நகரில், எமில் சாவித்ரி என்னும் ஓவியர் ஜாங்கோவுக்குத் தம் தட்டுகளைப் போட்டுக் காட்டினார். லூயி ஆம்ஸ்ட்ராங், டியூக் எலிங்டன், வெனுட்டியும் லாங்கும் எனப் பல தட்டுகள். வெனுட்டி, லாங் இருவருடைய வயலினும் கிதாரும் இணைந்த அமைப்பே பின்னர் ஜாங்கோ அமைத்த குழுவிற்கு முன்மாதிரி என்று பலரும் எழுதுவர். வெளித்தோற்றத்தில் அஃது உண்மை. ஆயின் எடி லாங்கின் தட்டொன்றையும் ஜாங்கோவின் தட்டொன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். லாங் பண்பட்ட உரையாடல்; குரலை உயர்த்தாத பெருமகன். ஜாங்கோ அவ்வாறு பேசுவதில்லை. ஒரு சுரத்தைத் திடுமென உச்சியில் எறிந்து, அதனை நடுங்க நிறுத்தி, மூச்சு வாங்கி, அருவி போல் இறங்குகிறார். இது கிதாரின் இயல்பன்று, எக்காளத்தின் இயல்பு. அவர் செவி லாங்கின் கிதாரைக் கேட்டது; கை ஆம்ஸ்ட்ராங்கின் எக்காளத்தைப் பின்பற்றியது.

தட்டு ஆசானாவதும் ஆகாததும் இவ்விடத்தில்தான் பிரிகின்றன. கிதாரைக் கேட்டுக் கிதாரில் வாசித்தால் நகல் எடுக்கலாம்; அலுவலகத்தில் மூலத்தின் மேல் வைத்துப் படியெடுப்பது போல. எக்காளத்தைக் கேட்டுக் கிதாரில் வாசிக்க வேண்டுமாயின் நகல் எடுக்கவே இயலாது. மூச்சுக்கு ஈடாக மீட்டுக்கட்டையை என்ன செய்வது, நீண்டு ஒலிக்கும் சுரத்துக்கு ஈடாகத் தணிந்துவிடும் தந்தியை என்ன செய்வது என்று ஒவ்வோர் அடியிலும் புதிதாகக் கண்டாக வேண்டும். நீண்ட சுரத்துக்கு ஈடாக அவர் தந்தியை அதிர அதிர அடித்தார். அந்த அதிரடியை அவர் தம் மக்களிடமிருந்தும் நடனக் கூடங்களிலிருந்தும் முன்னரே பெற்றிருந்தார். கேட்டது அமெரிக்கருடையது, ஈடு செய்தது தம் கைமுதலிலிருந்து. நம்மிடையேயும் இதற்கு நிகர் உண்டு. ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பாட்டில் நாகசுரப் பிடிகள் ஓடுவதைப் பலர் எடுத்துக் காட்டியுள்ளனர். அவர் வேறொரு பாடகரைப் போல் பாட முயன்றிருந்தால் அந்த வழி திறந்திருக்குமா என்பது ஐயமே.

1934இல் பாரிஸ் நகரின் 'ஹாட் கிளப்' என்னும் இரசிகர் அமைப்பின் ஆதரவில் ஐவர் குழு அமைந்தது. ஜாங்கோவும் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் தலைமை. தாளத்துக்கு ஜோசப்பும் ரோஜே ஷாப்யூவும் கிதார். லூயி வோலா பெருவயலின். முரசு இல்லை, ஊதுகருவி எதுவும் இல்லை. தந்திகள் மட்டுமே. இத்தாலியரான மாரியோ மக்காஃபெர்ரி வகுத்து, செல்மர் நிறுவனம் 1932 முதல் பாரிஸில் செய்து விற்ற கிதார், எஃகுத் தந்தியும் கூரிய குரலும் உடையது. அக்குழுவிற்கு அதுவே வாய்ப்பாக அமைந்தது. 1934 டிசம்பரில் அல்ட்ராஃபோன் நிறுவனத்திற்காக அவர்கள் பதிந்த நான்கு பக்கங்களுள் 'டைனா' ஒன்று. கிதார் அடக்கமாக மெட்டைத் தொட்டு விலகிப் புனைந்து முடிக்க, பின்னர் வயலின் எழுகிறது. மூன்று நிமிடத்திற்குள் அனைத்தும் முடிகிறது.

மூன்று நிமிடம் என்பது கலைஞன் விரும்பிய அளவன்று. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் தாங்கும் அளவு. நம் வித்துவான்களும் இவ்வளவைக்கு உட்பட்டே இராக ஆலாபனையைச் சுருக்கிப் பாடினர். அத்தட்டு எதனால் ஆயது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசு மரத்திலும் இலந்தையிலும் சிறு பூச்சி கட்டும் அரக்கைத் திரட்டி, உருக்கித் தூய்மை செய்து, கல்கத்தா வழியே உலகெங்கும் அனுப்பினர். அரக்கு வழங்கியதில் இந்தியாவே முதன்மை நாடு. அவ்வரக்கோடு கல்தூளைக் கலந்து அழுத்திச் செய்தவையே 78 சுழற்சித் தட்டுகள். தட்டில் நாம் கேட்கும் இரைச்சலுக்கு அக்கல்தூளும் ஒரு காரணம். பாரிஸில் ஜாங்கோ மீட்டிய சுரம் இந்நாட்டு மரத்தில் விளைந்த பொருளின்மேல் நின்றது என்று சொன்னால் அது கவிதையன்று, வணிகக் கணக்கு.

பழைய தில்லியின் பழம்பொருள் கடை ஒன்றில், இந்திப் படத்தட்டுகளின் அடியிலிருந்து, விளிம்பு சற்றே உடைந்த டெக்காத் தட்டு ஒன்று நமக்குக் கிட்டியது. அதனைக் கேட்ட பின்னர், தூய்மைப்படுத்தி வெளியிடப்பட்ட குறுந்தகட்டில் அதே பாடலைத் தேடிக் கேட்டோம். இரைச்சல் இல்லை; உயிரும் பாதி இல்லை. இரைச்சல் வாழும் உயர் அலைகளிலேதான் மீட்டுக்கட்டை தந்தியைத் தொடும் அந்தச் சிறு 'டிக்' ஒலியும் வாழ்கிறது. களையைப் பிடுங்கும்போது நாற்றும் உடன் வந்துவிடுகிறது. இரைச்சலை நீக்காமல் வெளியிட்ட பதிப்பு கிடைக்குமாயின் அன்பர்கள் அதனையே நாடுக.

குழுவின் தட்டுகள் அனைத்தும் உயர்ந்தவை என்று சொல்ல மாட்டோம். பின்னணிக் கிதார்கள் இரண்டும் ஓயாமல் ஒரே அடியை அடித்துக்கொண்டே இருப்பன. பத்துத் தட்டை ஒருசேரக் கேட்டால் தையல் இயந்திரம் ஓடும் அறையில் அமர்ந்திருக்கும் உணர்வு எழும். கிராப்பெல்லியின் வயலின் இனிது. சில இடங்களில் அளவுக்கு மிஞ்சி இனிது. 1937 நவம்பரில் பதிந்த 'மைனர் ஸ்விங்' இவ்விரு குறையையும் வென்றுவிடுகிறது. வயலினும் கிதாரும் கேள்வியும் விடையுமாகத் தொடங்குவதும், மூன்றே சுர அடுக்குகளைச் சுற்றிச் சுற்றி வந்தும் சலிப்பு எழாமல் கிதார் ஒவ்வொரு சுற்றையும் வேறொரு வாயிலால் புகுந்து புனைவதும் எத்தனை முறை கேட்பினும் தெவிட்டாதன. அதே ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த கோல்மன் ஹாக்கின்ஸ், பென்னி கார்ட்டர் ஆகிய பெருங்கலைஞர்களுடன் அமர்ந்து அவர் 'கிரேஸி ரிதம்' பதிந்தார். ஆசான் நாட்டவர் அருகமர்ந்து வாசிக்கும்போது மாணவன் குரல் தாழ்வதுண்டு. தட்டைக் கேளுங்கள், தாழவில்லை. கிதார் பின்னிருந்து தாளம் தாங்கும் உறுதியைக் கேட்டாலே போதும்.

அந்த ஆண்டில் தனியே கிதார் ஒன்றைமட்டும் வைத்து அவர் பதிந்த 'இம்ப்ரொவிசேஷன்' நம் பட்டியலில் முதலிடம் பெறுவது. தாளக்காவல் இல்லை, வயலின் இல்லை. ஐரோப்பியச் செவ்வியல் இசையின் நிழலும், ஸ்பானியக் கிதாரின் சாயலும், நாடோடி மக்களின் அதிரடியும், ஜாஸின் சுர அடுக்குகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைகின்றன. எந்தத் தட்டிலிருந்து இதனைக் கற்றார் என்று எவரும் சுட்ட இயலாது.

இவரோடு ஒப்பிடத்தக்கவர் அர்ஜென்டினாவிலிருந்து வந்து பாரிஸில் ஜோசபின் பேக்கரின் குழுவில் வாசித்த ஆஸ்கர் அலெமான். 1938இல் கோபன்ஹேகனில் அவர் தனியாகப் பதிந்த 'நோபடிஸ் ஸ்வீட்ஹார்ட்' கேட்பவர் முகத்தில் புன்னகை மலரச் செய்யும். பத்து விரலும் நலமாக உள்ளவர். விரலால் நேரே மீட்டுபவர். தாளத்தில் ஜாங்கோவினும் நளினமானவர். ஜாங்கோ நம்மை உலுக்குகிறார். அலெமான் நம்மோடு நடக்கிறார். புகழில் இவர் பின்தங்கியதற்கு இசை மட்டும் காரணமன்று. சொல்வதற்கு அவரிடம் தீவிபத்துக் கதை இல்லை.

தட்டுகளை இன்று நாம் வரிசைப்படுத்திக் கேட்க முடிவதற்கு ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஹாட் கிளப்பைச் சேர்ந்த ஷார்ல் தெலோனே 1936இல் 'ஹாட் டிஸ்கோகிராபி' என்னும் நூலை வெளியிட்டார். எந்தத் தட்டில் எவர் வாசித்தார், எந்நாளில், எந்தப் பதிவு எண்ணில் என்று ஆராய்ந்து தொகுத்த பட்டியல் அது. தட்டின் நடுவே, வரிகள் முடிந்த வெற்றிடத்தில் பொறித்திருக்கும் சிற்றெண்ணைக் கொண்டு, ஒரே பாடலின் முதற்பதிவையும் மறுபதிவையும் பிரித்தறியலாம். கோப்பெண் பார்த்தே காலம் கழித்த நமக்கு இதில் தனி மகிழ்ச்சி உண்டு. உ.வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறித்தாரே, அதே பணியைத் தெலோனே அரக்குத் தட்டுக்குச் செய்தார். தட்டு அழியும் பண்டமன்று, பாடம் என்று முதலில் கருதியவருள் அவர் ஒருவர்.

1939இல் போர் மூண்டபோது குழு இலண்டனில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கினார். ஜாங்கோ பாரிஸ் திரும்பினார். நாஜிகள் ரோமா மக்களை இலட்சக்கணக்கில் கொன்ற ஆண்டுகள் அவை. ஆக்கிரமிக்கப்பட்ட பாரிஸில் ஜாங்கோ பெரும்புகழுடன் வாசித்துக்கொண்டிருந்தார். 1943இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச்செல்ல முயன்றும் இயலாமற் போயிற்று. 1940 டிசம்பர் 13இல் பதிந்த 'நுவாஜ்' அக்கால மக்கள் நெஞ்சில் நின்ற மெட்டு. நுவாஜ் என்றால் மேகங்கள். வயலின் இருந்த இடத்தில் இரண்டு கிளாரினெட்டுகள். தந்திகள் மட்டுமே இருந்த இடத்தில் முரசு. மெட்டு மேலிருந்து அரைச் சுரமாக நழுவி இறங்கி, இறங்கிய இடத்தில் நிற்க மனமின்றி நிற்கிறது. அதில் துயரை மட்டும் கேட்பவர்கள் பாதியையே கேட்கின்றனர். கிதார் நுழைந்ததும் எழும் துள்ளலையும் கேட்க வேண்டும்.

1946 ஜனவரியில் இலண்டனில் கிராப்பெல்லியை மீண்டும் கண்டபோது இருவரும் பிரெஞ்சு நாட்டுப் பண்ணையே ஜாஸாக வாசித்துப் பதிந்தனர். அவ்வாண்டு இறுதியில் எலிங்டன் குழுவுடன் அமெரிக்கப் பயணம். தட்டில் கேட்ட ஆசானை நேரில் கண்ட பயணம். அங்கே எதிர்பார்த்த வரவேற்பு அவருக்குக் கிட்டவில்லை. அதன் பின்னர் அவர் மின்கிதாரை மிகுதியும் எடுத்தார். அமெரிக்க இளைஞர்களின் புதிய நடையையும் செவிமடுத்தார். முப்பதுகளின் தட்டுகளை மட்டும் போற்றும் அன்பர்கள் இக்காலத்தைத் தேய்வு என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை.

1953 மார்ச்சில், இறப்பதற்கு இரு மாதம் முன்னர், அவர் 'நுவாஜ்' மெட்டை மீண்டும் பதிந்தார். கிளாரினெட் இல்லை, பியானோ, பெருவயலின், முரசு மட்டும் துணை. மின்கிதார் தானே மெட்டை எடுக்கிறது. 1940இல் பத்துச் சுரம் இட்ட இடத்தில் இப்போது மூன்று, நடுவில் இடைவெளி. மின்விசையால் சுரம் நீண்டு நிற்கிறது. எக்காளத்துக்கு ஈடாகத் தந்தியை அதிர அடிக்க வேண்டிய தேவை அங்கே குறைந்துவிட்டது. அதிரடி அருகி, மூச்சு நிற்கிறது.